ஏடு கேட்டு எழுதிய கடிதங்கள்

(மன்னார் விடத்தல்தீவில் நடந்த வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புத்தகமும் கடிதமும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். என்னை அழைத்த தம்பி தொலைபேசியிலேயே, "ஐயா, அந்த லண்டன் புத்தகக்கடைக் கதையையும் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல கதைதான். ஆனால் நான் சொல்ல வந்த கதை அதுவல்ல.

1949ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கில் இருந்த ஹெலன் ஹான்ஃப் என்ற எழுத்தாளர், கையில் அவ்வளவு காசு புழங்காதவர், பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு லண்டனில் பழைய புத்தகம் விற்கிற கடைக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். இன்னின்ன புத்தகம் வேண்டும், விலை மலிவாக இருக்கவேண்டும். கடையின் பெயர் மார்க்ஸ் அன் கோ. சாரிங் கிராஸ் றோட்டில் 84ஆம் இலக்கம். அங்கே வேலை செய்த பிராங் டோயல் பதில் எழுதினார். அப்படித் தொடங்கியது, 1968 டிசம்பரில் டோயல் இறக்கும்வரை போயிற்று. போர் முடிந்து ஆண்டுகள் கழிந்தும் இங்கிலாந்தில் இறைச்சிக்கும் முட்டைக்கும் பங்கீடு இருந்த காலம் அது. ஹான்ஃப் அந்தக் கடைக்காரருக்கெல்லாம் சாப்பாட்டுப் பார்சல் அனுப்பினார். கடைசிவரை இருவரும் நேரில் காணவேயில்லை. கடிதங்கள் 1970இல் புத்தகமாக வந்தன. கடையும் அதே ஆண்டு மூடப்பட்டது. அடுத்த ஆண்டுதான் அந்த அம்மா லண்டனில் கால் வைத்தார். 1987இல் படமும் எடுத்தார்கள்.

இதைப் படிக்கிறவர்கள், பார்க்கிறவர்கள் எல்லாம் இருவரும் சந்திக்கவில்லையே என்றுதான் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. நான் கவனிப்பது வேறு. அந்தக் கடிதங்களில் முக்கால்வாசி வியாபாரம். இந்தப் புத்தகம் வந்தது, அதற்கு இவ்வளவு காசு, அந்தப் பதிப்பு சரியில்லை, கேட்டது ஒன்று அனுப்பியது ஒன்று. அன்பு, நட்பு என்ற பேச்சே அபூர்வம். புத்தகத்தை எடுத்துவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் எழுதிக்கொள்ள ஒரு வரிகூட இராது.

நான் இளைஞனாக இருந்த காலத்தில் சஞ்சிகைகளில் 'பேனா நண்பர்கள்' என்று ஒரு பக்கம் வரும். பெயர், வயது, விலாசம். பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல், பத்திரிகை வாசித்தல், பேனா நட்பு. இங்கே மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும், சிரிக்கிறீர்கள். அந்த நட்பெல்லாம் மூன்றாம் கடிதத்தோடு ஏன் தேய்ந்துபோனது? ஒருவரிடம் மற்றவர் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. நலம், நலமறிய ஆவல், அதற்கு மேலே? புத்தகப் பைத்தியங்களின் கடிதம் அப்படியல்ல. அது கேட்கிற கடிதம். ஒன்றைக் கேட்டு, கிடைத்ததற்கு வரவு சொல்லி, அடுத்ததைக் கேட்கிற கடிதம். அந்தக் கேள்வியிலேதான் நட்பு ஊறுகிறது என்பது என் கட்சி. அதற்குத் தமிழிலேயே, அதுவும் நம்முடைய இலங்கையையும் சேர்த்து, லண்டன் கதையைவிடப் பெரிய கதை இருக்கிறது.

கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது 25. அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப், சீவகசிந்தாமணி படித்திருக்கிறீரா என்று அவரைக் கேட்டார். அந்தக் கேள்வி ஒரு மனிதரின் வாழ்க்கையையே திருப்பிவிட்ட கதை உங்களுக்குத் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. சிந்தாமணி 13 இலம்பகம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு, நச்சினார்க்கினியர் உரை. அதை அச்சுக்குக் கொண்டுபோக ஒரு ஏடு போதாது. ஓர் ஏட்டில் ஓலை ஒடிந்திருக்கும். இன்னொன்றில் எழுதினவர் கண் அயர்ந்து இரண்டு வரியை விட்டிருப்பார். மூன்றாவதில் மூலம் இருக்கும், உரை இராது. இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளைச் சேர்த்து வைத்து ஒத்துப் பார்த்தார். சமணருடைய நூல் அது. பொருள் தெரியாத இடங்களை விளக்கக் கும்பகோணத்திலேயே சைன நண்பர்கள் இருந்தார்கள். அவர்களிடம் நடந்தே போய்க் கேட்டார். நடந்து போக முடியாத இடத்துக்கெல்லாம் கடிதம்.

ஏடு கேட்டு எழுதுவது லேசான காரியமென்று நினைக்காதீர்கள். வைத்திருப்பவர் அதைப் படிக்கமாட்டார், சரஸ்வதி பூசைக்கு எடுத்துப் பொட்டு வைப்பார். ஆனால் கேட்டால் கொடுக்கமாட்டார். பாட்டன் எழுதினது, வெளியே போனால் திரும்பி வருமா? அவர் நம்பும் ஒருவரைப் பிடித்து, அவர்மூலம் எழுதி, எத்தனை நாளில் திருப்புவேன் என்று சொல்லி, கொடுக்க மனமில்லையென்றால் அங்கேயே ஒருவரை வைத்துப் படி எடுத்துத் தரக் கேட்டு, அதற்குக் கூலி அனுப்பி... ஒரு ஏட்டுக்கு எத்தனை கடிதம் போய் வந்திருக்கும்! 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. அந்தப் புத்தகத்தின் பின்னால் இருப்பது ஒரு தபால்பை.

இனி ஈழத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் நம்மவர்கள் ஓரமாக நின்றவர்கள் அல்லர். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராக வந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே.சா.வுக்கு முன்னமே ஏடு தேடத் தொடங்கியவர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரை, 1881இல் வீரசோழியம், 1885இல் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. கலித்தொகையும் சிந்தாமணியும் ஒரே ஆண்டில் வெளிவந்தன, பாருங்கள்.

இருவரும் ஒரே காட்டில் ஒரே தேன்கூட்டைத் தேடியவர்கள். சண்டை வராமலிருக்குமா? வந்தது. தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தபோது சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி, உ.வே.சா.விடம் அந்த ஏட்டைக் கேட்டார். வயதில் மூத்தவர், பதவியில் பெரியவர், கேட்கிறார். கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் வாயில்லை. அந்தத் தவிப்பை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கடைசியில் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கு முகநூலில் என்றால் இதை வைத்தே மூன்று தலைமுறைக்குப் பகை வளர்த்திருப்பார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தாமோதரம்பிள்ளை புதுக்கோட்டைக்கு நீதிபதியாகப் போனார், கடிதங்கள் நிற்கவில்லை. தங்களுக்குள் தீராத கணக்கு ஒன்று இருந்தும், இருவருக்கும் ஒடிகிற ஓலையைப் பற்றிய பயம் ஒன்றாகவே இருந்தது. கட்டை அவிழ்க்கும்போதே ஏடு உதிர்கிற அந்தக் கொடுமையைத் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது தேடிப் படிக்கவேண்டும். 1901 ஜனவரி முதலாந்திகதி அவர் காலமானபோது உ.வே.சா. இரங்கற்பா எழுதினார்.

இன்னொருவர் கொழும்பிலே இருந்தார். பொன்னம்பலம் குமாரசாமி முதலியார். இராமநாதன், அருணாசலம் என்று நாம் படிக்கிற இரண்டு பேருக்கும் மூத்த அண்ணன். சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். தம்பிமாரின் புகழில் அண்ணனை நாம் மறந்தே போனோம். அவர் உ.வே.சா.வின் பதிப்புகளைக் கொழும்பிலிருந்து வாங்கிப் படித்தார், எழுதினார், அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தார். அன்றைக்குப் புத்தகம் அச்சாகுமுன்பே கையொப்பக்காரர்களைச் சேர்த்து, அவர்கள் தரும் பணத்தில்தான் காகிதம் வாங்கவேண்டும். கொழும்பிலிருந்து வரும் ஒரு கடிதம் என்றால் அது பாராட்டு மட்டுமல்ல, இரண்டு பாரத்துக்குக் காகிதமும்தான். ஆனால் குமாரசாமி முதலியார் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது காசு கொடுத்தது அல்ல. அவர் அந்தப் புத்தகங்களைக் கொண்டு கட்டுரை எழுதினார். அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், 1890களில், ஆங்கிலேயரும் சிங்கள அறிஞரும் இருந்த அவையில், சங்கப் புலவர்களைப் பற்றியும் சேரன் செங்குட்டுவனைப் பற்றியும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். கும்பகோணத்தில் விளக்கடியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒருவர் சரிபார்த்த பாட்டு, சில ஆண்டுக்குள் கொழும்பில் ஒரு கழகத்தின் சஞ்சிகையில் வந்து இறங்கிவிட்டது. அனுப்பியவருக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

மூன்றாவது ஆள் பாரிஸில். ஜூலியன் வின்சோன். பிரெஞ்சுக்காரர், காரைக்காலில் வளர்ந்தவர், பாரிஸில் கீழைத்தேச மொழிகளுக்கான பள்ளியில் தமிழ் படிப்பித்தவர். 1891இல் அவர் உ.வே.சா.வுக்கு எழுதினார். எழுதியது தமிழில். வாசித்தது சிந்தாமணியை. பாரிஸ் தேசிய நூலகத்தில் தமிழ் ஏடுகள் அடுக்கிக் கிடப்பதையும், அவற்றில் சிலப்பதிகாரம் இருப்பதையும் அறிவித்தார்.

நினைத்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்தைப் பதிப்பிக்க அப்போது உ.வே.சா. பாடுபட்டுக்கொண்டிருக்கிறார். மிதிலைப்பட்டி, திருநெல்வேலிச் சீமை என்று ஏட்டுக்காக வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த மனிதர். உள்ளூரில் நாலு மைல் தள்ளி இருப்பவர், தம் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறதென்று தமக்கே தெரியாது என்கிறார். ஏழு கடலுக்கு அப்பால் ஒருவர் தாமாகவே எழுதி, எங்களிடம் இது இருக்கிறது, வேண்டுமா என்கிறார்! உ.வே.சா. விடுவாரா? வேண்டும் என்று எழுதினார். பாரிஸ் ஏட்டிலிருந்து படி எடுத்த பகுதிகள் தபாலில் வந்தன. 1892இல் சிலப்பதிகாரம் வெளியானது, 1898இல் மணிமேகலை. வின்சோன் அந்தப் பதிப்புகளை வாங்கிக்கொண்டும் இருந்தார், 1900இல் சிந்தாமணி, மணிமேகலைக் கதைகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். ஒக்ஸ்ஃபோர்ட்டில் இருந்த போப்பையருக்கும் உ.வே.சா.வுக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. அதை இங்கே நீட்டவில்லை.

உ.வே.சா. பாரிஸுக்குப் போகவில்லை. அவர்கள் நட்பு முழுவதும் காகிதத்தில்தான். ஆனால் நேரில் காணாத ஏக்கத்தை அந்தக் கடிதங்களில் தேடினால் அகப்படாது. பாடபேதம் அகப்படும், எந்த இடத்தில் ஓலை குறைகிறது என்பது அகப்படும்.

இந்தக் கடிதங்கள் நமக்கு எப்படித் தெரியும்? உ.வே.சா. அவற்றை வைத்திருந்தார், அதுதான் காரணம். அவருக்குக் கடிதம் வந்தால் படித்துவிட்டுப் போடுகிற பழக்கமில்லை. பெரிய மனிதர் எழுதியதும் இருக்கிறது, சாதாரண ஆசிரியர் எழுதியதும் இருக்கிறது. 1942இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு சென்னையில் அவர் பெயரில் நூலகம் வந்தது. ஏடுகளோடு கடிதக் கட்டுகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றில் 1877 முதல் 1900 வரைக்குமானவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து, 'உ.வே.சா. கடிதக் கருவூலம்' என்று 2018இல் முதல் தொகுதியாக அந்த நூலகமே வெளியிட்டது. வாசிகசாலைக்கு ஒரு பிரதி வாங்கிப் போடவேண்டும், தலைவர் குறித்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தத் தொகுதியை விரித்து உட்கார்ந்தால் ஒரு குறை உறுத்தும். எல்லாம் அவருக்கு வந்த கடிதம். அவர் எழுதியவை எங்கே? பெற்றவர்களிடம் போயின. அந்தப் பெற்றவர்களின் வீடுகளில், அதுவும் நம்முடைய பக்கத்து வீடுகளில், அவற்றை எடுத்துவைத்தவர் எத்தனை பேர்? தொலைபேசியில் பேசுகிறவரின் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி, ஒரு பக்கப் பேச்சைக் கேட்டு மறுபக்கத்தை நாம் ஊகிக்கவேண்டியிருக்கிறது. எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அப்படித்தான். இடைசெவல் என்ற ஒரே ஊர்க்காரர்கள், இளமையில் இருந்தே கூட்டாளிகள். அழகிரிசாமி சென்னைக்குப் போய், பிறகு 1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். கரிசல் காட்டுச் சம்சாரி ஒருவருக்கு நகரத்திலிருந்து சங்கீதத்தையும் கம்பனையும் பற்றி எழுதிய அந்தக் கடிதங்களைக் கி.ரா. பாதுகாத்துப் புத்தகமாக்கினார். நாம் அழகிரிசாமியின் குரலைக் கேட்கிறோம். லண்டன் கதையில் இரண்டு பக்கமும் கிடைத்தது அதிர்ஷ்டம்.

இனி இந்தக் கடிதங்கள் கடந்து வந்த கடலுக்கு வருவோம். குமாரசாமி முதலியாரின் காலத்தில் கொழும்புத் தபால் தூத்துக்குடிக் கப்பலில் போயிற்று. தலைமன்னார் வழி திறந்தது 1914 மார்ச் முதலாந்திகதி. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்குச் சென்னையிலிருந்து வரும் தபால்பை தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் கொழும்புக்குப் போனது. அந்த ரயிலுக்கே பெயர் போட்மெயில். கல்கி வந்ததும் கலைமகள் வந்ததும் நம்முடைய மன்னார் மண்ணை மிதித்துக்கொண்டுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் போர் வந்து அதையும் நிறுத்தியது. 1990இல் ரயில் பாதையும் போயிற்று. 2015இல் ரயில் மறுபடியும் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்துவிட்டது, அங்கிருந்து கப்பல் ஏறுவதற்குத்தான் வழியில்லை.

கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1970களின் தொடக்கத்தில், இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் நம்முடைய சஞ்சிகைகள் தழைத்தன என்பார்கள், உண்மைதான். ஆனால் அங்கே யார் என்ன எழுதுகிறார் என்பது இங்கே தெரியாமற் போனது. இங்கே எழுதியது அங்கே என்றைக்குமே தெரிந்ததில்லை. இந்த இடைவெளியில்தான் யாழ்ப்பாணத்தில் இ. பத்மநாப ஐயர் என்ற மனிதர் தனி ஆளாக வேலை செய்தார். அவர் கதை எழுதவில்லை, கவிதை எழுதவில்லை. தமிழ்நாட்டு எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதினார், ஈழத்துப் புத்தகங்களைக் கட்டி அனுப்பினார், போகும்போது சுமந்துகொண்டு போனார், அங்கேயிருந்து கொண்டுவந்தார். ஈழத்து எழுத்து அங்கே அச்சாக வழி செய்தார். 1990இல் லண்டனுக்குப் போன பின்னும் அதையேதான் செய்தார். 2004இல் கனடா இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது கொடுத்தது. ஒரு புத்தகமும் எழுதாத ஒருவருக்கு எழுத்தாளருக்கான விருதா என்று முகம் சுளித்தவர்கள் இருக்கலாம். என்னைக் கேட்டால், விருதுக்குத்தான் மரியாதை.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. எத்தனையோ அந்த ஒரே இடத்தில் மட்டும் இருந்தவை. அந்த நெருப்பின் பாடத்தைப் படித்தவர்கள்தான் 2005இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியவர்கள். அதுவும் இந்தப் பழைய வேலைதான். உங்களிடம் இது இருக்கிறதா, படி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பது. ஓலைக்குப் பதில் ஸ்கேனர்.

இந்த ஊரிலே நின்றுகொண்டு கடிதம் காப்பதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. கடிதம் இருக்க ஒரு பெட்டி வேண்டும், பெட்டி இருக்க ஒரு கூரை வேண்டும். 1990 ஒக்டோபரில் இந்த ஊர் முஸ்லிம் சனங்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் கொண்டுபோக விட்டது சொற்பம்; புத்தளம், கல்பிட்டிப் பக்கம் அகதிகளாகப் போய் இருந்தார்கள். புத்தகமும் கடிதமும் யார் தூக்கினார்? மிஞ்சி இருந்தவர்களுக்கு அடுத்த முறை வந்தது 2008இல். ஜூலையில் இராணுவம் ஊருக்குள் வந்தபோது சனம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து கிழக்கே, பிறகு முகாம். இரண்டு இடப்பெயர்வையும் தாண்டி வந்த ஒரு கடிதக் கட்டு இந்த ஊரில் இருக்கிறதென்றால் என்னிடம் வந்து காட்டுங்கள், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

போர்க்காலத்தில் கடிதத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதே கடிதம். செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், அதைப் பிறர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தத் தாளில் ஒருவன், "என் மேசையில் விட்டுவந்த புத்தகத்தை நீ எடுத்து வைத்தாயா?" என்று கேட்பானா? கேட்க நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். ஒரே வாங்கில் இருந்து படித்த அந்தோனியும் அசனும் இந்த ஊரில் எத்தனை சோடி!

புத்தகம் என்றால் அச்சடித்தது மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. மன்னாருக்கு மாதோட்டம் என்ற பெயர் கெட்டியாய் நிற்பது அச்சுப் புத்தகத்தால் அல்ல, கூத்தால். நாட்டுக்கூத்து, வாசகப்பா. அண்ணாவியார் கையில் ஒரு கொப்பி இருக்கும். அவருடைய அண்ணாவியாரின் கொப்பியைப் பார்த்து எழுதியது. அது அதற்கு முந்திய ஏட்டைப் பார்த்து எழுதியது. ஓரத்திலே மெழுகுதிரி சொட்டியிருக்கும். எண்ணெய் பட்ட விரலடையாளம் இருக்கும். ஒரு விருத்தத்தின் பக்கத்தில் "இதை விட்டுப் பாடவும்" என்று பென்சிலால் கீறியிருக்கும், விடிவதற்குள் கூத்து முடியவேண்டுமே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கூத்துகளில் சிலவற்றைத் தேடி அச்சிலே ஏற்றினார். என்றீக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி எல்லாம் அப்படி வந்தவை. உ.வே.சா. செய்த அதே வேலை. ஏட்டை ஒத்துப் பார்த்து, விட்டுப்போன பாட்டைச் சேர்த்து, பாடுகிறவர் வாயில் கேட்டுச் சரிபார்ப்பது. ஆனால் அவர் பதிப்பித்தது சில. அச்சேறாமல் கொப்பியாகவே கிடந்தவை அதைவிட அதிகம்.

அந்தக் கொப்பிகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று நான் எண்ணவில்லை. இங்கே இருந்த கொப்பி போயிருக்கலாம். ஆனால் இந்த ஊர் இன்றைக்கு இங்கே மட்டும் இல்லை. புத்தளத்தில் இருக்கிறது, மண்டபம் முகாமில் இருக்கிறது, நோர்வேயில் இருக்கிறது, ரொறன்ரோவில் இருக்கிறது. அப்பாவின் நினைவுக்கென்று உடுப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன ஒரு கொப்பி யாரோ ஒருவரின் நிலவறையில் இருக்கும். அவர் படிக்கமாட்டார், கேட்டால் கொடுக்கவும் மாட்டார். நூற்று முப்பது வருடத்துக்கு முந்திய அதே ஆள்!

ஆகையால் இங்கே இருக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன். வட்ஸ்அப்பில் "அங்கிள், கூத்துக் கொப்பி இருக்கா?" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அதோடு முடியும். கடிதம் எழுதுங்கள், தாளில் எழுதினாலும் சரி, மின்னஞ்சலில் எழுதினாலும் சரி. முதலில் நீங்கள் யாருடைய பேரப்பிள்ளை என்று எழுதுங்கள்; அது இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கதவும் திறக்காது. கொப்பியைத் தரச்சொல்லிக் கேட்காதீர்கள். கூத்தின் பெயர் என்ன, காப்பு விருத்தம் எப்படித் தொடங்குகிறது, கடைசிப் பக்கம் இருக்கிறதா, எழுதினவர் பெயரும் திகதியும் போட்டிருக்கிறாரா, இந்த நாலை மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் உடனே நன்றி எழுதி, அதோடு ஐந்தாவது கேள்வியைக் கேளுங்கள். படம் எடுத்து அனுப்பினால் பக்கம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, விடுபட்ட பக்கத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்துக்கும் ஒரு படி எடுத்து வையுங்கள், அவர் எழுதியது மட்டும் இருந்தால் போதாது. விலாசங்கள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன, இந்த ஊர் மௌலவியிடமும் பங்குச் சுவாமியிடமும் இன்னும் அதிகம் இருக்கும். கூட்டம் முடிந்ததும் அந்த மேசைக்கு வாருங்கள், பேனையோடு வாருங்கள்.